பாட்டுக்கும் ஆம்புக்கும் ஒரே மைக்

மேடைச் சத்தம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, முப்பது வருஷத்துக்கும் மேலாக மைக் செட்டோடு ஊர் ஊராக அலைந்தவரின் பதில்கள்

கேள்வி: அண்ணா, நாங்கள் கல்லூரியில் படிக்கும் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறோம். ஆளுக்கு மூவாயிரம் போட்டு 12,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். ஒரே ஒரு நல்ல டைனமிக் மைக் (காந்தமும் கம்பிச் சுருளும் வைத்த வகை) வாங்க வேண்டும். மேடையில் பாடுவதற்கும் அதுவே, அறையில் கிதார் ஆம்பை (கிதாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) ரெக்கார்டு செய்வதற்கும் அதுவே. எஸ்எம்57 வாங்கலாமா, எஸ்எம்58 வாங்கலாமா? கிதார் வாசிக்கிறவன் 57 என்கிறான், பாடுகிற நான் 58 என்கிறேன். சண்டையாகிவிட்டது. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: தம்பி, சண்டையை நிறுத்துங்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஷூர் கம்பெனி 1959-ல் யூனிடைன் 3 என்று ஒரு கேப்சூல் செய்தது. கேப்சூல் என்றால் மைக்கின் தலைக்குள் இருக்கும், சத்தத்தை மின்சாரமாக மாற்றும் சின்னக் குப்பி. அதை உருவாக்கிய எர்னி சீலர் என்ற பொறியாளருக்கு மேற்கத்திய சாஸ்திரிய இசைதான் உயிர். ராக் காதில் விழுந்தாலே ஆகாது என்பார்கள். அந்தக் கேப்சூலின் வழியில் 1965-ல் 57 வந்தது, 1966-ல் 58 வந்தது. எஸ்எம் என்பது ஸ்டுடியோ மைக்ரோபோன். டிவி ஸ்டுடியோ விளக்கில் மின்னக் கூடாது என்று மங்கலான சாம்பல் நிறம் கொடுத்தார்கள். சுவிட்ச் வைக்கவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் அவ்வளவாகச் சீண்டவில்லை, மேடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ராக் பிடிக்காத மனிதர் செய்த மைக்கில் தலைமுறை தலைமுறையாக ராக் பாடகர்கள் கத்தித் தீர்த்தார்கள்! அமெரிக்க ஜனாதிபதி பேசும் மேடையில், லிண்டன் ஜான்சன் காலத்திலிருந்து ஜோடியாக நிற்பது 57.

சரி, வித்தியாசம் எங்கே? தலையில். 58-க்கு உருண்டைக் கம்பிவலைத் தலை, உள்ளே நுரை. ‘ப’ என்று பாடும்போது வாயிலிருந்து வரும் காற்று அந்த நுரையில் பட்டு உடையும். கேப்சூலுக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தானாகவே கிடைக்கும். 57-க்கு அந்த உருண்டை கிடையாது, மொட்டைத் தலை. கேப்சூல் முன்னாலேயே இருப்பதால் ஆம்பின் துணிக்கு ஒட்டினாற்போல வைக்கலாம். 6,000 ஹெர்ட்ஸ் வாக்கில், அதாவது மேல் ஸ்தாயியில், 57 சற்றுத் தூக்கலாகக் கேட்கும், கிதாரின் கம்பி ‘சிலீர்’ என்று வெளியே வரும். உருண்டைத் தலை நடுவில் நிற்பதால் 58-ல் அந்தக் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருக்கும். இரண்டும் 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கீழே 57 நாற்பதில் ஆரம்பிக்கும், 58 ஐம்பதில். இவ்வளவுதான் விஷயம்.

எல்லோரும் ‘ஒரே மைக் என்றால் 57’ என்பார்கள். நான் உங்களுக்கு 58 வாங்கச் சொல்கிறேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: மேடை. நம் ஊர் மேடையில் பாடகர் பக்கத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். திறந்த வெளி என்றால் காற்றும் சேரும். 57-ஐ மொட்டையாக நீட்டினால் ஸ்பீக்கரில் ‘டபடப’ என்று அடிக்கும். அதற்கு நுரைத் தொப்பி உண்டு, போட்டால் நன்றாகவே பாடலாம். ஆனால் அந்தத் தொப்பி மூன்றாவது கச்சேரியில் தொலையும். நான் தொலைத்த தொப்பிகளை வைத்து ஒரு தலையணை தைக்கலாம். 58-ன் தொப்பி திருகி மாட்டியது, தொலையாது. கீழே விழுந்தால் நசுங்கும், கேப்சூல் தப்பிக்கும். நசுங்கிய தலைக்கு மாற்றுத் தலை தனியாகக் கிடைக்கிறது.

கிதார் தம்பிக்கும் ஒரு சமாதானம் சொல்கிறேன். பல வருஷம் முன்பு காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. கிதார் ஆம்புக்கு என்று எடுத்துப்போன மைக் வழியிலேயே செத்துவிட்டது. கையில் மிச்சம் ஒரு 58. அதன் உருண்டைத் தலையைத் திருகிக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டில் மாட்டி, ஆம்பின் துணிக்கு ஒட்டி வைத்தேன். கச்சேரி முடிந்ததும் கிதார்க்காரர் வந்து, ‘எந்த மைக் சார் வைத்தீர்கள், நன்றாக இருந்தது’ என்று கேட்டார். மொட்டையடித்த 58 என்று சொன்னால் நம்பவில்லை. நீங்களும் அறையில் ரெக்கார்டு செய்யும்போது அப்படிச் செய்யலாம். ஸ்டாண்டில் இருக்கும்போது மட்டும்; கேப்சூல் வெளியே தெரியும்போது கையில் பிடித்து ஆட வேண்டாம், ஊதியும் பார்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் தலையைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

நீங்கள் மேடை ஏறாத பேண்டாக இருந்து, பத்து மணி நேரத்தில் எட்டு மணி நேரம் ஆம்பும் டிரம்மும்தான் ரெக்கார்டு ஆகிறது என்றால், அப்போது 57 வாங்குங்கள். தொப்பியைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு கம்பெனியே இல்லையா என்றால், இருக்கிறது. சென்ஹைசரின் இ835 நல்ல பாட்டு மைக், மேல் ஸ்தாயியில் 58-ஐ விடக் கொஞ்சம் தெளிவு. ஆடிக்ஸ் ஐ5 என்பது 57-க்குப் போட்டியாக வந்தது, ஆம்புக்கு அருமை. எல்லா வேலையும் செய்யும் மைக் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் 1960-ல் வந்த சென்ஹைசர் எம்டி421-ஐத்தான் சொல்வேன். கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், ஐந்து படி. ஒரு கோடியில் எம், மறு கோடியில் எஸ். எம் இசைக்கு, எஸ் பேச்சுக்கு. எஸ் பக்கமாக ஒவ்வொரு படியாகத் திருப்பினால் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயிச் சத்தம், குறைந்துகொண்டே போகும். பாட்டு, கிதார் ஆம்ப், பேஸ் ஆம்ப், டாம் டிரம், வானொலிப் பேச்சு என்று எதற்கும் சளைக்காது. ஆனால் அது உங்கள் 12,000-க்குள் வராது. அதன் ஸ்டாண்டு கிளிப் ஒரு தனித் தலைவலி, நல்ல நேரம் பார்த்துக் கழன்று விழும்.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்பியது. மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் சண்டை போடுகிறவர்கள், அதை எங்கே வைப்பது என்று ஐந்து நிமிஷம் யோசிப்பதில்லை. கிதார் ஆம்பின் முன்னால் துணி மூடியிருப்பதால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. போனின் டார்ச்சைத் துணிக்கு ஒட்டிப் பிடியுங்கள், ஸ்பீக்கரின் வட்டமும் நடுவில் இருக்கும் குமிழும் நிழலாகத் தெரியும். அந்த இடத்தில் துணியின் மேல் ஒரு சின்ன இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மைக்கை நடுக் குமிழுக்கு நேராக வைத்தால் சத்தம் கூர்மை, சில ஆம்புகளில் காதைக் குத்தும். ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மென்மையாகும், ரொம்ப ஓரம் போனால் போர்வை போட்டு மூடியது மாதிரி இருக்கும். குமிழும் காகிதக் கூம்பும் சேரும் விளிம்பில், துணியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஆரம்பியுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக்கை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தட்டும். மிக்ஸரில் (மைக்குகளின் சத்தத்தைக் கலந்து அளவு பார்க்கும் பெட்டி) கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் திருகைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஆம்பைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் ஏற்றினால் தரையில் பட்டுத் திரும்பும் குழப்பம் குறையும்.

சிலர் ஸ்டாண்டு இல்லையென்று மைக்கை ஒயரோடு ஆம்பின் மேலிருந்து தொங்க விடுவார்கள். 57-ஐயும் 58-ஐயும் அப்படித் தொங்கவிட்டால் அவை பார்ப்பது தரையை. தொங்க விடுவதற்கென்றே பக்கவாட்டில் கேட்கும் தட்டை மைக்குகள் உண்டு, சென்ஹைசர் இ609 அப்படிப்பட்டது. அதில் பாட முடியாது, ஆகவே உங்களுக்கு வேண்டாம்.

ஒட்டி வைத்தால் பேஸ் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பக்கத்தையே கூர்ந்து கேட்கும் இந்த வகை மைக் எல்லாவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. வாயை ஒட்டிப் பாடினால் குரல் கனக்கும், ஒரு சாண் தள்ளினால் மெலியும். ஆம்பில் கிதார் ‘பொதபொத’ என்றால் மைக்கை நாலு விரல் பின்னால் இழுங்கள். பேஸ் கிதாருக்கு இந்த மைக்கை வீணாக்க வேண்டாம். அதற்கு ஒரு டிஐ பாக்ஸ் (கிதாரை மைக் இல்லாமலே மிக்ஸரில் இணைக்கும் சின்னப் பெட்டி) வாங்கி நேராக மிக்ஸருக்குக் கொடுப்பதுதான் சுத்தம்.

அப்புறம் பணம். மொத்தத்தையும் மைக்கில் போட்டுவிட்டு, ஐம்பது ரூபாய் ஜாக் வைத்த ஒயரில் மாட்டாதீர்கள். மைக் செட் தொழிலில் ‘மைக் போச்சு’ என்று வரும் புகாரில் பெரும்பாலும் போனது ஒயர். கூடவே ஆடாத ஸ்டாண்டு ஒன்று. பணம் போதவில்லை என்றால் இரண்டு மாதம் பொறுங்கள், அவசரத்துக்கு இரவல் மைக்கில் பாடுங்கள்.

கேள்வி: சார், நண்பர் ஒருவர் பெரிய பாட்காஸ்ட்காரர்கள் எல்லோரும் எஸ்எம்7பி வைத்திருக்கிறார்கள், கண்டென்சரை (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் மைக் வகை) விட அதுதான் பல்துறை மைக் என்கிறார். வீட்டில் பாடவும், கீபோர்டு ஆம்பைப் பதியவும் அதையே வாங்கிவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: ஷூர் கம்பெனியிலிருந்து 1973-ல் எஸ்எம்7 என்று வந்த டைனமிக் மைக்கின் இன்றைய வடிவம் அது. நல்ல மைக், குறையே சொல்ல முடியாது. ஆனால் அது ரொம்ப மெல்லப் பேசும். ஒரே அளவு சத்தத்துக்கு 58 கொடுப்பது 1.85 மில்லிவோல்ட், அது கொடுப்பது 1.12. ஆகவே 60 டெசிபெல் அளவுக்குச் சுத்தமாகத் தூக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் வேண்டும். சின்ன இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் பெட்டி) கெயின் குமிழை முழுக்கத் திருப்பினால் குரலோடு ‘ஸ்ஸ்ஸ்’ என்று மழை பெய்யும். அப்புறம் அதற்கென்று ஒரு பூஸ்டர் வாங்குவீர்கள், அதைத் தாங்க ஒரு கனமான ஸ்டாண்டு வாங்குவீர்கள். ஒரு மைக் வாங்கப் போய் மூன்று சாமான் வாங்கின கதை.

உங்கள் நண்பர் கண்டென்சரைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. நம் வீடுகளில் கண்டென்சர் வைத்தால் பாட்டோடு பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், சீலிங் ஃபேன், தெருவில் காய்கறி வண்டி எல்லாம் சேர்ந்து பதியும். வாய்க்கு அருகில் வைத்துப் பாடும் டைனமிக்கில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதற்கு 58-ஏ போதும். மிச்சப் பணத்தில் ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் ஆலயத்தில் ஆறு பேர் பாடும் குழுவுக்கு மூன்று மைக் இருக்கிறது. வால்யூம் கொஞ்சம் ஏற்றினாலே ‘கூ’ என்று கூவுகிறது. விலை கூடின மைக் வாங்கினால் நிற்குமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: சகோதரி, நிற்காது. இதே கூவலை விலை உயர்ந்த மைக்கில் கேட்பீர்கள்.

ஸ்பீக்கரில் வருகிற சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், திரும்ப ஸ்பீக்கருக்கு வந்து, சுற்றிச் சுற்றிப் பெரிதாவதுதான் கூவல். முதலில் பெரிய ஸ்பீக்கர்கள் பாடுகிறவர்களுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆலயங்களில் பீடத்துக்கு இரண்டு பக்கமும் சுவரில் மாட்டியிருப்பார்கள், பாடகர் குழு அதற்கு முன்னால் நிற்கும். ஒன்று குழுவைப் பின்னால் கொண்டுபோங்கள், அல்லது ஸ்பீக்கரை முன்னால் கொண்டுவாருங்கள்.

அடுத்தது மைக்கின் காது. சாதாரணப் பாட்டு மைக்குகள் கார்டியாய்டு வகை. அதாவது அவை கேட்கும் பரப்பை வரைந்தால் இதய வடிவம் வரும்: முன்னால் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் குறைவு, நேர் பின்னால் மிகக் குறைவு. ஆகவே பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் வால் பார்க்கும் திசையில் வைக்க வேண்டும். சூப்பர்கார்டியாய்டு என்று இன்னொரு வகை, ஷூர் பீட்டா 58ஏ மாதிரி. அது பக்கவாட்டுச் சத்தத்தை இன்னும் நன்றாகத் தள்ளும். ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதன் செவிட்டுப் பகுதி பின்னால் இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது. மானிட்டரை நேர் பின்னால் வைத்துப் பழகினவர்கள் அந்த மைக்கை வாங்கிவிட்டு, ‘விலை கூடினது இன்னும் அதிகமாகக் கூவுகிறதே’ என்று என்னிடம் வந்திருக்கிறார்கள். மைக்கை மாற்றினால் மானிட்டரின் இடத்தையும் மாற்ற வேண்டும். அந்தந்த மேடையில் மானிட்டர் எங்கே இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லையென்றால் சாதாரணக் கார்டியாய்டே நல்லது.

மூன்றாவது, தூரம். வாயிலிருந்து 5 செ.மீ.யில் இருந்த மைக்கை 10 செ.மீ.க்குத் தள்ளினால் குரல் 6 டெசிபெல் குறைகிறது. ஆபரேட்டர் அந்த 6 டெசிபெலை வால்யூமில் ஏற்றுவார், கூவல் கூடவே ஏறும். ஆறு பேருக்கு நடுவில் ஒரு மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு வால்யூமைக் கேட்டால் எங்கிருந்து வரும்? மூன்று மைக் இருக்கிறதே, ஒரு மைக்குக்கு இரண்டு பேர், தோளோடு தோள் நின்று பாடட்டும். யாரும் பாடாத மைக்கின் வால்யூமை இறக்கி வையுங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் கூவலுக்கு ஒரு வாசல்.

கடைசியாக, யாரும் மைக்கின் வலைத் தலையை முஷ்டியால் மூடிப் பிடிக்க வேண்டாம். சினிமாவில் ராப் பாடகர்கள் பிடிப்பது பார்க்க நன்றாக இருக்கும். பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுவதற்கான காற்று வழிகள் அந்தத் தலைக்குள்தான் இருக்கின்றன. மூடினால் மைக் எல்லாத் திசையும் கேட்கத் தொடங்கும், உடனே ஊளையிடும். இதை எத்தனை இளைஞர்களுக்குச் சொல்லியிருப்பேன்! தலையாட்டிவிட்டு இரண்டாவது பாட்டிலேயே மூடுவார்கள்.

கேள்வி: மிக்ஸரில் ஃபேண்டம் பவர் என்ற பட்டனை அழுத்தினால் டைனமிக் மைக் எரிந்துவிடும் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஒழுங்கான மூன்று பின் ஒயரில் மாட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது. ஃபேண்டம் பவர் என்பது கண்டென்சர் மைக்குகளுக்காக மிக்ஸர் ஒயர் வழியே அனுப்பும் 48 வோல்ட். அது இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் சமமாகப் போகிறது. டைனமிக் மைக் அந்த இரண்டு பின்னுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? அதே மாதிரி மின்சாரமும் ஓடாது.

ஆபத்து ஒயரில் இருக்கிறது. நம் கடைகளில் ஒரு பக்கம் கேனன் (மூன்று பின் எக்ஸ்எல்ஆர்), மறு பக்கம் பி38 ஜாக் (கிதாரில் செருகும் கால் அங்குல ஜாக்) வைத்த ஒயர் கொடுப்பார்கள். பழைய மைக் செட் ஆம்புகளின் மைக் துளை பி38 என்பதால் வந்த பழக்கம் அது. அந்த ஒயரில் மூன்றாம் பின்னை எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். அதற்கு ஒரு அடாப்டர் போட்டு, ஃபேண்டம் வருகிற கேனன் துளையில் செருகினால் ஒரு பக்கம் 48, மறு பக்கம் பூஜ்யம். அப்போது மைக்குக்குள் மின்சாரம் ஓடும். உடனே செத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது வேண்டாத வேலை. அந்த ஒயர் நீளமானால் இன்னொரு தொல்லையும் உண்டு: உறுமல் சேரும், சில ஊர்களில் வானொலி நிலையமே கேட்கும். ஒரு திருவிழாவில் வில்லுப்பாட்டுக்கு நடுவே எங்கள் ஸ்பீக்கரில் விவசாயச் செய்தி வாசித்தார்கள். ஜனங்கள் அதையும் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். இரண்டு பக்கமும் கேனன் வைத்த ஒயரை மிக்ஸரின் மைக் துளையில் நேராகச் செருகினால் ஐம்பது மீட்டர் இழுத்தாலும் பயமில்லை.

கேள்வி: ஆன்லைனில் 58 பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: பாதி விலைக்குப் பாதி மைக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். 57-ம் 58-ம் உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் சேர்ந்தவை. நானே ஏமாந்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த ஒரு 58, பெட்டி, பை, கிளிப் எல்லாம் அச்சு அசல். பாடினால் ட்ரெபிள் தகரத்தைக் கீறினது மாதிரி. கையில் பிடித்து விரலை நகர்த்தினால் அந்த உரசல் ஸ்பீக்கரில் ‘கரகர’ என்று கேட்டது. அசலில் கேப்சூலை அதிர்வு தாங்கியில் மிதக்கவிட்டிருப்பார்கள், உரசல் அவ்வளவு ஏறாது.

சந்தேகம் வந்து பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். அசல் 58 ஒயர் இல்லாமல் 298 கிராம், 57 என்றால் 284. என்னுடையது அதற்கு வெகுதூரம் குறைவு. இதை ஒரு முதல் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தால் போலி. எடை சரியாக இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை, உள்ளே இரும்புத் துண்டு போட்டு எடை கூட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். பில்லும் வாரன்டியும் தரும் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குங்கள். அந்தப் பணம் இல்லையென்றால், போலி 58-ஐ விட, தன் சொந்தப் பெயரிலேயே குறைந்த விலைக்கு வரும் மைக் எவ்வளவோ மேல். பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 விலைக்கு மீறி வேலை செய்யும். நான் இன்றும் பேச்சாளர் மைக்காகவும், கீழே போட்டு உடைப்பார்கள் என்று தெரிந்த நிகழ்ச்சிகளுக்கும் அதைத்தான் எடுத்துப் போகிறேன்.

கேள்வி: நாகஸ்வரம், தவில் இரண்டுக்கும், இடையில் பேசுவதற்கும் ஒரே வகை மைக் வாங்க நினைக்கிறோம். எது சரி? (கும்பகோணத்துக்கு அருகிலிருந்து ஒரு கலைஞர்)

பதில்: ஐயா, உங்களுக்கு 57. நாகஸ்வரமும் தவிலும் எவ்வளவு முழங்கினாலும் டைனமிக் மைக் அசராது. சத்தம் பட்டு அசையும் ஒரு மெல்லிய தகடு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்டது மாதிரி, அவ்வளவுதான் உள்ளே. வெயிலும் ஈரமும் அதற்குப் பெரிய விஷயமில்லை.

நாகஸ்வரத்தின் அணசுக்கு, அதாவது கீழே விரிந்திருக்கும் வாய்க்கு, நேராக மைக்கை நீட்டாதீர்கள். சத்தம் அங்கிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்குள் நீட்டினால் சில ஸ்வரங்கள் மட்டும் பாய்ந்து வரும், மற்றவை பதுங்கும். ஒன்றரை அடி தள்ளி, அணசுக்கும் கீழ்த் துளைகளுக்கும் நடுவில் பார்க்கும்படி வையுங்கள். வாசிக்கும்போது கலைஞர் குழலைத் தூக்கி இறக்குவார், ஒன்றரை அடி இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அழகாகவே கேட்கும். ஒட்டி வைத்திருந்தால் சத்தம் வந்து வந்து போகும்.

தவிலுக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, குச்சி விழும் தொப்பிப் பக்கம் ஒன்று. ஒரு மைக்தான் இருக்கிறது என்றால் தொப்பிப் பக்கத்தை விட்டுவிடுங்கள். குச்சி அடி எப்படியும் மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும். விரல் கூடு போட்டு அடிக்கும் வலந்தலையின் நுணுக்கம்தான் கூட்டத்தில் காணாமல் போகும். பேசுவதற்கு மட்டும் 57-ல் நுரைத் தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஊர்வலத்தில் வண்டிக்கு அடியில் மைக்குகளைப் போட்டு வைக்காதீர்கள். வெல்டிங் பட்டறை வாசலிலும் வேண்டாம். உள்ளே இருப்பது காந்தம். இரும்புத் தூள் உள்ளே புகுந்து ஒட்டிக்கொண்டால் அப்புறம் எடுக்கவே முடியாது, தகட்டில் உரசி உரசிச் சத்தம் கரகரக்கும்.

கேள்வி: வாடகை மைக்குகளில் ஒரே நாற்றம். பாடவே கூசுகிறது. எப்படிச் சுத்தம் செய்வது? (மதுரை வாசகி)

பதில்: நியாயமான கேள்வி அம்மா. வெற்றிலை, புகையிலை, மூன்று நாள் கச்சேரி எச்சில் எல்லாம் அந்த நுரையில்தான் குடியிருக்கும். 58 மாதிரி உருண்டைத் தலை மைக் என்றால் தலையை மட்டும் திருகிக் கழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் வலையைத் தேய்த்து, உள்ளே இருக்கும் நுரையைப் பிழியாமல் அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள். ஈரத்தோடு மாட்டக் கூடாது. கேப்சூல் பக்கம் தண்ணீரே போகக் கூடாது. 57-ன் தலையைக் கழற்ற முயலாதீர்கள், அது திருகு கிடையாது. பிடுங்கினால் மைக் போய்விடும். அதைத் தலைகீழாகப் பிடித்து, லேசாக ஈரமான பிரஷ்ஷால் தட்டினாற்போல் துடைத்தால் போதும்.

வாடகைக்காரர் இதையெல்லாம் செய்வார் என்று காத்திருக்க வேண்டாம். மாற்றுத் தலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் பாடகிகளை எனக்குத் தெரியும். மேடைக்கு வந்ததும் வாடகை 58-ன் தலையைக் கழற்றித் தங்களுடையதை மாட்டுவார்கள், இறங்கும்போது திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஒரு முறை ஒருவர் எடுக்க மறந்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து அதே மண்டபத்தில் சந்தித்தபோது முதல் வார்த்தையாக அவர் கேட்டது, ‘அண்ணே, என் தலை இருக்கா?’